ராணி என்று எழுத மறுத்தார்கள்

1915 ஆகஸ்ட் 10. மெல்போர்ன் நகரத்துத் திருமணப் பதிவு அலுவலகத்தில் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். மாப்பிள்ளைக்கு 39 வயது. புதுக்கோட்டை சமஸ்தானத்தின் ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான். பெண்ணுக்கு இன்னும் 21 முடியவில்லை. பெயர் மோலி ஃபிங்க், மெல்போர்ன் பாரிஸ்டர் ஒருவரின் மகள். அரச வம்சமும் இல்லை, பிரபு குடும்பமும் இல்லை. அதே ஆண்டில்தான் ராஜா ஆஸ்திரேலியாவுக்குப் போயிருந்தார். அங்கே மோலியைப் பார்த்தார், பிடித்துப்போனது, கேட்டார், அவரும் சம்மதித்தார். முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம். வெள்ளையர் அல்லாதவர் குடியேறக் கூடாதென்று 1901-லேயே சட்டம் போட்ட நாடு அது. அந்த நாட்டில் ஓர் இந்திய ராஜாவும் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணும் நேர்வழியில், சட்டப்படி, எல்லோருக்கும் தெரியும்படி கல்யாணம் செய்துகொண்டார்கள்.

நாவலாக இருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும். இங்கிலாந்தில் 'ரீஜன்சி காதல் கதை' என்று ஒரு வகையே உண்டு. பிரபு ஒருவன் சாமானியப் பெண் ஒருத்தியைக் காதலிப்பான். ஊரும் உறவும் குறுக்கே நிற்கும். கடைசிப் பக்கத்தில் கல்யாணம். கண்ணியம் கெடாமல், வீட்டில் எல்லோரும் படிக்கும்படியாக எழுதுவார்கள். நமக்கும் இது புதிதில்லை. பணக்கார நாயகன், தன்மானமுள்ள நாயகி, மனத்தாங்கல், கடைசியில் மாலை மாற்றல் என்று ரமணிசந்திரனின் நாவல்களைத் தலைமுறை தலைமுறையாக வாடகை நூலகங்களில் வரிசையில் நின்று வாங்கிப் படித்தவர்கள் மதுரைப் பக்கத்தில் எத்தனையோ பேர். அந்தக் கதைகளை நான் மட்டமாக நினைப்பவன் இல்லை. அந்தஸ்தைவிட மனசு பெரிது என்பதை ஒருமுறையாவது நம்பிப் பார்க்க அவை இடம் தருகின்றன.

இங்கிலாந்தில் அந்த ரீஜன்சிக் காலம் 1811-லிருந்து 1820 வரை. மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குப் புத்தி பேதலித்ததால் மகன் பிரதிநிதியாக இருந்து ஆண்டார். அந்த இளவரசர் அதற்கு வெகுநாள் முன்பே, 1785 டிசம்பரில், மரியா ஃபிட்ஸ்ஹெர்பர்ட் என்ற கத்தோலிக்க விதவையை ரகசியமாகக் கல்யாணம் செய்திருந்தார். அரச குடும்பத்தார் மன்னரின் அனுமதியில்லாமல் மணம் செய்தால் செல்லாது என்று 1772-லேயே சட்டம் இருந்தது. ஆகவே அந்தக் கல்யாணம் செல்லவில்லை. பத்தாண்டு கழித்து, அரசவை பார்த்துவைத்த இளவரசி ஒருத்தியை அவர் மணக்க வேண்டியதாயிற்று. ஜேன் ஆஸ்டின் 1815-ல் வெளியிட்ட 'எம்மா'வை இவருக்குத்தான் சமர்ப்பணம் செய்தார். நாவல்களில் பிரபுக்கள் மனசுக்குப் பிடித்த பெண்ணை மணந்துகொண்டிருந்த நாளில், நாட்டை ஆண்டவரின் காதல் மனைவிக்குச் சட்டத்தில் இடமில்லை.

மோலியின் கதையை மெல்போர்ன் அலுவலகத்திலிருந்து தொடங்குவதற்குக் காரணம் இதுதான். நாவல்கள் நிறுத்துகிற இடத்தில்தான் நம் ஊர்க் கதை ஆரம்பமாகிறது.

ஆளாக்கியவர்கள்

மதுரை மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினால் மேலூர், திருப்பத்தூர், திருமயம் வழியாகப் புதுக்கோட்டை. கண்மாய்க் கரைகள், கருவேலம், நடுநடுவே தலைதூக்கும் கற்பாறைக் குன்றுகள். இந்தச் சமவெளியில் மதுரை, திருச்சி, தஞ்சாவூர் என மூன்று வெள்ளைக்கார ஜில்லாக்களுக்கு நடுவே தனி ராஜ்யமாக நின்றது புதுக்கோட்டை. சுமார் 1,180 சதுர மைல், நான்கு லட்சம் சொச்சம் ஜனம்.

அது நின்றதற்கு ஒரு விலை இருந்தது. மதுரைக்கும் திருச்சிக்கும் நடந்த பதினெட்டாம் நூற்றாண்டுச் சண்டைகளில் தொண்டைமான்கள் தொடர்ந்து ஆங்கிலேயர் பக்கம் நின்றார்கள். 1799-ல் கட்டபொம்மன் பிடிபட்டது தொண்டைமான் சீமையின் திருக்களம்பூர்க் காட்டில். அந்த அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாறில் தூக்கு. அந்தப் பழி இன்றைக்கும் தென்மாவட்டங்களில் அந்த வம்சத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கைம்மாறாக 1803-ல் கீழாநிலைக் கோட்டை கிடைத்தது. வேறெந்தப் பாளையமும் மிஞ்சாத இந்தத் தெற்கில் இவர்கள் மட்டும் ராஜாக்களாக மிஞ்சினார்கள். தென்னிந்தியாவில் இவர்களைப் போல வெள்ளைக்காரனுக்கு விசுவாசமாக இருந்த குடும்பம் இன்னொன்றைக் காட்டுவது சிரமம்.

புதுக்கோட்டைக்கும் ரீஜன்ட்கள், அதாவது ராஜாவுக்குப் பதிலாக ஆளும் பிரதிநிதிகள், உண்டு. இங்கிலாந்தில் இளவரசர் பிரதிநிதியாக ஆண்ட அதே ஆண்டுகளில் இங்கே பத்து வயதில் பட்டத்துக்கு வந்த ஒரு ராஜாவுக்காகத் தஞ்சாவூர் ரெசிடென்ட் மேஜர் பிளாக்பர்ன் நிர்வாகத்தைக் கவனித்தார். மார்த்தாண்ட பைரவரும் அப்படித்தான் வந்தார். பழைய ராஜா ராமச்சந்திரத் தொண்டைமானின் மகள் வயிற்றுப் பேரன், தத்துப்பிள்ளை. 1875-ல் பிறந்து 1886-ல், பத்து வயதில் பட்டம். 1894 வரை ரீஜன்டாக இருந்தவர் அ. சேஷையா சாஸ்திரி. திருவிதாங்கூரில் திவானாக இருந்துவிட்டு வந்தவர். இன்று புதுக்கோட்டையில் நூல் பிடித்தாற்போல் ஓடுகிற ராஜவீதிகளைப் பார்த்தால் அவர் யாரென்று தெரியும். குளங்களைத் தூர்வாரினார். விளைச்சலில் பாதியை அரசு வாங்கிக்கொள்ளும் அமானி முறைக்கு முடிவு கட்டினார்.

பையனை வளர்க்கும் பொறுப்பு ஒரு வெள்ளைக்கார ஆசிரியரிடம் போயிற்று. கிராஸ்லி என்பவர். குதிரையேற்றம், துப்பாக்கி, கிரிக்கெட், இங்கிலீஷ் உடை, இங்கிலீஷ் பேச்சு. சுதேச ராஜாக்களை ஆங்கில கனவான்களாக ஆக்குவது அன்றைய சர்க்காரின் கொள்கை. அந்தக் கொள்கை புதுக்கோட்டையில் முழு வெற்றி பெற்றது. பையன் வளர்ந்து ஐரோப்பா போனான். அங்கத்திய வாழ்க்கை பிடித்துப்போனது. நம் பக்கத்து ராஜ குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இருபதுக்குள் கல்யாணம் முடிந்துவிடுகிற காலத்தில் இவர் நாற்பதை நெருங்கும்வரை தனியாக இருந்தார். பிறகு தனக்குக் கற்றுக்கொடுத்த பாஷையில் பேசுகிற, தான் பழகிய பழக்கமுள்ள பெண் ஒருத்தியை மணந்தார். அதைத்தான் சர்க்கார் பொறுத்துக்கொள்ளவில்லை.

ஒரு பட்டம், ஒரு செடி

1915-இன் கடைசியில் தம்பதி புதுக்கோட்டைக்கு வந்தார்கள். அந்த ஊருக்கு ரயில் வந்ததே 1929-ல்தான். அதனால் திருச்சியிலிருந்து சாலை வழிதான். ஜனங்கள் ஆரவாரமாக வரவேற்றார்கள். தங்கள் ராஜா ஒரு வழியாகக் கல்யாணம் செய்துகொண்டு வருகிறார் என்ற சந்தோஷம் அவர்களுக்கு.

சென்னை கவர்னர் வட்டாரத்தில் அந்தச் சந்தோஷம் இல்லை. ராஜாவை 'ஹிஸ் ஹைனஸ்' என்று எழுதுவார்கள். மோலியை 'ஹர் ஹைனஸ்' என்று எழுத மறுத்தார்கள். கல்யாணம் சட்டப்படி செல்லாது என்று யாரும் சொல்லவில்லை. செல்லும், ஆனால் ராணி இல்லை. அவருக்குப் பிறக்கும் பிள்ளைக்கு வாரிசு உரிமை உண்டா என்று கேட்டால் அதற்கும் பதில் வரவில்லை. ராஜா எழுதினார், திரும்ப எழுதினார், லண்டன்வரை முட்டிப் பார்த்தார். அசையவில்லை.

ஏன் இந்தப் பிடிவாதம்? மோலி சாமானியப் பெண் என்பதாலா? பிரிட்டிஷ் அரசுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. நம் பக்கத்து ஜமீன்தார் வீடுகளில் ராஜ வம்சம் இல்லாத பெண்கள் எத்தனையோ பேர் வாழ்க்கைப்பட்டார்கள், ஒரு கலெக்டரும் கேள்வி கேட்டதில்லை. அவர்களுக்குப் பிரச்சினை நிறம். ஒரு வெள்ளைக்காரப் பெண், கறுப்பு ராஜா ஒருவரின் அரண்மனையில் மனைவியாக இருந்தால், ஆளும் இனம் என்ற கௌரவம் என்னாவது? அவள் பிள்ளை ராஜாவானால் அந்த ராஜா யார் பக்கம்? கர்சன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோதே இத்தகைய கல்யாணங்களை வெறுத்தார். கபூர்தலா மகாராஜா 1908-ல் அனிதா டெல்காடோ என்ற ஸ்பெயின் நாட்டு நடனப் பெண்ணை மணந்தபோதும் அரசு அவரை ராணியாக ஏற்கவில்லை.

இந்தக் கதையை வேறு எந்த ரீஜன்சிக் கதையிலிருந்தும் பிரிக்கிற இடம் இது. புத்தகத்தில் பிரபு மேலே, பெண் கீழே. அந்த ஒரே ஏணிதான். இங்கே இரண்டு ஏணிகள் இருந்தன. அந்தஸ்து ஏணியில் தொண்டைமான் உச்சியில், மோலி கீழே. நிற ஏணியில் மோலி உச்சியில், தொண்டைமான் கீழே. இந்த இரண்டில் எது பெரிது என்று சாம்ராஜ்யம் தீர்மானித்தபோது, இருநூறு ஆண்டுக்கு மேற்பட்ட அரச பரம்பரையும், கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்த விசுவாசமும், கிராஸ்லி கற்றுக்கொடுத்த அத்தனை நாகரிகமும் ஒரு பாரிஸ்டர் மகளின் தோல் நிறத்துக்கு முன்னால் நிற்கவில்லை.

உள்ளூரிலும் எதிர்ப்பு இருந்தது. மோலி கருவுற்றிருந்த நேரம். திடீரென்று உடம்புக்கு வந்தது. அரளி விஷம் உள்ளே போயிருந்தது என்கிறார்கள் இந்த வரலாற்றை எழுதியவர்கள். அரளியைப் பற்றி மதுரைச் சமவெளியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தோட்டத்தில், கோயில் நந்தவனத்தில், இப்போது நான்குவழிச் சாலையின் நடுத்திட்டு நெடுக அதுதான். வெயிலுக்கு வாடாது. ஆடு வாய் வைக்காது. பூவைச் சாமிக்குப் போடுவோம், விதையை அரைத்தால் ஆளைக் கொல்லும். கிராமத்துப் பெண்கள் எத்தனை பேரின் கடைசி முடிவு அந்த விதையில் இருந்தது என்பது நம் அரசு ஆஸ்பத்திரிகளின் விஷமுறிவு வார்டுகளுக்குத் தெரியும். அந்தச் செடி எதற்கெல்லாம் பயன்படும் என்பதை அரண்மனைக்குள் இருந்த யாரோ நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார்கள். அந்தக் கை யாருடையது என்று ஊகம் சொல்வது நியாயமாகாது. பட்டத்தை மறுத்த கையைப் பற்றிச் சொல்லலாம், அது கோப்புகளில் இருக்கிறது.

மோலி பிழைத்தார். 1916 ஏப்ரலில் இருவரும் கப்பல் ஏறினார்கள். வந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

போன பிறகு

1916 ஜூலையில் சிட்னியில் ஆண் குழந்தை. மார்த்தாண்ட சிட்னி தொண்டைமான் என்று பெயர் வைத்தார்கள். தகப்பன் பெயரையும் பிறந்த ஊரின் பெயரையும் சேர்த்துச் சூட்டிய அந்தப் பெயரில் புதுக்கோட்டை நேரடியாக இல்லை என்றாலும், தொண்டைமான் இருக்கிறது. ராஜா அங்கே பந்தயக் குதிரைகள் வளர்த்தார். சில ஆண்டுகள் கழித்து லண்டன், பிறகு பிரான்ஸின் தென்கரையில் கான் நகரம். பட்டத்தோடு ஒதுங்கிக்கொள்வது என்று அரசோடு பேசி முடித்து, 1922-ல் உடன்பிறந்த ரகுநாத பல்லவராயரை ரீஜன்டாக வைத்துவிட்டார். புதுக்கோட்டையில் மறுபடியும் ஒரு ரீஜன்சி. இந்த முறை ராஜா சின்னப் பிள்ளை இல்லை. நாற்பத்தாறு வயதுக்காரர், மனைவியோடு இருப்பதற்காக ஊரை விட்டவர்.

இங்கிலாந்து மன்னர் எட்டாம் எட்வர்ட், வாலிஸ் சிம்ப்சன் என்ற அமெரிக்கப் பெண்ணுக்காக 1936 டிசம்பரில் சிம்மாசனத்தைத் துறந்தார். உலகம் அதை 'நூற்றாண்டின் காதல் கதை' என்று கொண்டாடியது, இன்னும் படமாக எடுத்துக்கொண்டிருக்கிறது. அதற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்னால் நம் புதுக்கோட்டைக்காரர் ஏறக்குறைய அதையே செய்துவிட்டார். நம் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

கொண்டாடுவதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ராஜாவின் கான் நகர வாழ்க்கைக்கான பணம் இந்தச் சமவெளியில் உழுதவர்களின் வரிப்பணம். 1902-ல் பிரதிநிதிகள் சபை ஏற்படுத்தியவர், 1910-ல் அருங்காட்சியகம் கண்டவர், மக்கள் அன்பு வைத்திருந்த ஒருவர், கடைசி ஆண்டுகளில் அந்த மக்களின் முகத்தையே பார்க்காமல் வாழ்ந்தார். மனைவியைக் கைவிடாதவர் என்று அவரைப் பாராட்டுகிற நானே, குடிமக்களைக் கைவிட்டவர் என்றும் எழுத வேண்டியிருக்கிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி அவரைத் தள்ளியது யார் என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அது முழு நியாயம்.

1928 மே 28-ல் பாரிஸில் ராஜா இறந்தார். லண்டன் கோல்டர்ஸ் கிரீனில் தகனம். தொண்டைமான் வம்சத்து ராஜாவுக்குச் சொந்த மண்ணில் சிதை இல்லை. மகனுக்கு அப்போது பதினொரு வயது. அவனைப் பட்டத்துக்கு எடுக்கவில்லை. அந்த நவம்பரில் குடும்பத்தின் வேறொரு கிளையிலிருந்து ஆறு வயது ராஜகோபாலத் தொண்டைமானுக்கு முடிசூட்டினார்கள். 1948 மார்ச்சில் சமஸ்தானத்தை இந்திய யூனியனில் இணைத்துக் கஜானாவையும் ஒப்படைத்தவர் அவர்தான். மோலி மறுபடி ஒரு ராஜ்யத்தையும் பார்க்கவில்லை. ஐரோப்பாவின் கலை உலகத்தோடு பழகினார். புகைப்படக் கலைஞர் செசில் பீட்டன் அவருடைய நண்பர். 1967-ல் கான் நகரிலேயே காலமானார். ஐம்பத்திரண்டு ஆண்டுகள் தொண்டைமானின் மனைவியாகவும் விதவையாகவும் இருந்தவர், ஒரு நாளும் அரசாங்கத் தாளில் ராணி இல்லை.

குச்சுக்குள் பொம்மி

மோலிக்கு நடந்ததை வெள்ளைக்காரனின் இனவெறி என்று சொல்லி மூடிவிடுவது நமக்கு வசதி. ஆனால் மதுரையில் இருந்துகொண்டு அப்படி மூட முடியாது. மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்தருகே மதுரை வீரன் நிற்கிறார். இருபுறமும் அவர் மனைவியர் பொம்மியும் வெள்ளையம்மாளும்.

கதை எல்லோருக்கும் தெரிந்தது. பாளையக்காரர் பொம்மண நாயக்கரின் மகள் பொம்மி பூப்பெய்துகிறாள். வழக்கப்படி ஊருக்கு வெளியே பச்சை ஓலைக் குச்சு கட்டி அதில் வைக்கிறார்கள். இரவுக் காவல் சின்னான் என்ற சக்கிலியருக்கு. மழை பிடித்துக்கொண்ட ஓர் இரவில் வயசாளிக்குப் பதிலாக வளர்ப்பு மகன் வீரன் காவலுக்குப் போகிறான். தீட்டு என்று ஊரே ஒதுங்கி நிற்கிற ஓர் இடத்தில், தீண்டத்தகாதவன் என்று ஊர் ஒதுக்கிவைத்த ஒருவன். ஓலைச் சுவருக்கு இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் பாளையக்காரர் மகள். காதலுக்கு இதைவிடக் கூர்மையான ஓர் இடத்தை எந்தக் கதாசிரியரும் யோசித்ததாக எனக்கு நினைவில்லை. இருவரும் ஊரைவிட்டுப் போகிறார்கள், துரத்தி வந்த படையோடு சண்டை, திருச்சி, பிறகு திருமலை நாயக்கரின் மதுரை. அழகர் மலைப் பக்கத்துக் கொள்ளையை அடக்கிய அதே வீரனைக் கடைசியில் கள்ளன் என்று பிடித்து மாறுகால் மாறுகை வாங்குகிறார்கள். இறந்த பிறகு கோயில்.

இந்தக் கதையின் தொடக்கத்தில் ஒரு பகுதி இருக்கிறது. வீரன் உண்மையில் காசி ராஜாவின் மகன், மாலை சுற்றிப் பிறந்ததால் நாட்டுக்கு ஆகாதென்று காட்டில் போடப்பட்டவன், சின்னான் எடுத்து வளர்த்தான் என்பது அது. நாட்டார் கதைப்பாடல்களை ஆராய்ந்த பலரும் இதைப் பிற்காலத்து ஒட்டு என்றே கருதுகிறார்கள். நெல்லைப் பக்கத்து முத்துப்பட்டன் கதையிலும் இதேதான். அங்கே அந்தணர் வீட்டுப் பிள்ளை வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணக்கிறான். பின்னால் வந்த வடிவங்களில் அந்தப் பெண்களே அந்தணர் வீட்டில் பிறந்தவர்களாகிவிடுகிறார்கள். பேராசிரியர் நா. வானமாமலை இதை விளக்கி எழுதியிருக்கிறார். முத்துப்பட்டன் கதையை 1971-ல் பதிப்பித்து வெளியிட்டது மதுரைப் பல்கலைக்கழகம். 1956-ல் எம்.ஜி.ஆர். நடிக்க, கண்ணதாசன் வசனத்தில் 'மதுரை வீரன்' படமாக வந்தபோதும் வீரன் ராஜா மகனாகத்தான் வந்தான்.

காதலைக் கும்பிட நமக்குச் சம்மதம். காதலன் பிறப்பில் தாழ்ந்தவனாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்பதற்குச் சம்மதமில்லை. காசிக்கு ஆளனுப்பியாவது அவனுக்கு ஒரு ராஜ குலத்தைத் தேடித் தருகிறோம். சென்னையும் லண்டனும் மோலியிடம் செய்ததையே நாம் திருப்பிப் போட்டுச் செய்திருக்கிறோம். அவர்கள் பட்டத்தை மறுத்தார்கள். நாம் பட்டத்தைக் கொடுத்து ஆளை மறுத்தோம்.

தண்டனைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உயர்ந்த இடத்து ஆண் இறங்கி வந்தால் அவனுக்குப் போவது சிம்மாசனம். கான் நகரில் வீடு இருக்கும். தாழ்த்தப்பட்டவன் நிமிர்ந்து பார்த்தால் போவது கையும் காலும். இது நாயக்கர் காலத்தோடு முடிந்த விஷயமில்லை. 2015 ஜூனில் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் வேறு சாதிப் பெண்ணோடு கோயிலில் பேசிக்கொண்டிருந்தார் என்பதற்காகக் கொண்டுபோகப்பட்டு, தண்டவாளத்தில் சடலமாகக் கிடந்தார். அந்த வழக்கு நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்றப்பட்டு, 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. வீரன் நிற்கிற கோபுரத்திலிருந்து அந்த நீதிமன்றம் ஒரு ஆட்டோ தூரம்.

அதே ராஜா போட்ட இன்னொரு கையெழுத்து

மோலியின் கதையை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தொடாத ஒன்று இருக்கிறது. என் கணக்கில் மார்த்தாண்ட பைரவரின் வாழ்க்கையில் மிக முக்கியமான காரியம் மெல்போர்ன் கல்யாணம் இல்லை. அதற்குப் பதினொரு ஆண்டுகள் முன்பு, 1904-ல் நடந்த ஒரு கல்லூரிச் சேர்க்கை.

புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் முதல்வராக இருந்தவர் நாராயணசாமி ஐயர். தேவதாசி மரபில் வந்த சந்திரம்மாளோடு குடும்பம் நடத்தியவர். உறவு அவரை விலக்கியது. சந்திரம்மாளையும் பிள்ளைகளையும் ஊர் அதைவிட அதிகமாக விலக்கியது. அவர்களுடைய மகள் முத்துலட்சுமி 1886-ல் பிறந்தவர். ராஜா பட்டத்துக்கு வந்த அதே ஆண்டு. மெட்ரிகுலேஷன் தேறிய அந்தப் பெண் கல்லூரியில் சேர விண்ணப்பம் போட்டபோது கலகம் வந்தது. அங்கே படித்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். தேவதாசி வயிற்றுப் பெண் உட்கார்ந்தால் எங்கள் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று பெற்றவர்கள் கிளம்பினார்கள்.

அனுமதி கொடுத்தவர் ராஜா. உதவித்தொகையும் கொடுத்தார்.

முத்துலட்சுமி மூடிய வண்டியில் கல்லூரிக்குப் போனார். வகுப்பில் அவர் உட்காருமிடத்துக்கும் மாணவர்களுக்கும் நடுவே திரை. வாத்தியார் கண்ணுக்கு இரண்டு பக்கமும் தெரியும், இவருக்கும் அவர்களுக்கும் ஒருவரையொருவர் தெரியாது. மணி அடித்து இவர் வெளியேறிய பிறகுதான் மற்றவர்கள் எழுந்திருப்பார்கள். அந்தத் திரைக்குப் பின்னாலிருந்து படித்து 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912-ல் டாக்டர் பட்டம். 1914 ஏப்ரலில் டாக்டர் சுந்தர ரெட்டியோடு கல்யாணம். சாதி கடந்த கல்யாணம் என்பதால் 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்துகொண்டார்கள். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று முன்கூட்டியே மாப்பிள்ளையிடம் நிபந்தனை வைத்தார் அந்தப் பெண். மெல்போர்னில் ராஜா கையெழுத்துப் போடுவதற்கு ஓராண்டு முன்பு, அவர் படிக்கவைத்த பெண் இங்கே போட்டுவிட்டார்.

ராஜா கானில் இருந்த காலத்தில், முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டசபைக்குப் போனார். அதன் துணைத் தலைவரும் ஆனார். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க அவர் தொடங்கிய போராட்டம் 1947-ல் சட்டமாயிற்று. 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. தன் தாய்க்கு ஊர் கொடுத்த பெயரை மாற்ற அவர் காசிக்கு ஆளனுப்பவில்லை. தாய் யாரென்று மறைக்காமலே, அந்தப் பெயரை அவமானமாக்கிய வழக்கத்தைத் தரையோடு பெயர்த்தார்.

இப்போது தமிழ்நாடு அரசின் சமூக நலத்துறையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நினைவு கலப்புத் திருமண நிதியுதவித் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. சாதி கடந்து மணம் செய்தவர்களில் பட்டம், பட்டயம் படித்தவர்களுக்கு 50,000 ரூபாய், மற்றவர்களுக்கு 25,000 ரூபாய், கூடவே தாலிக்கு 8 கிராம் தங்கக் காசு. புதுக்கோட்டை மாவட்டத்தில் கலெக்டர் அலுவலகம் நடப்பது தொண்டைமான்களின் அரண்மனைக் கட்டடத்தில். பத்திரிகையிலோ டி.வி.யிலோ முகம் வராமல், போலீஸ் பாதுகாப்பும் கேட்காமல், பேப்பர்களைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றிக்கொண்டு விண்ணப்பம் போட வருகிற ஜோடிகள் இந்தச் சமவெளியின் எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறார்கள். விண்ணப்பத்தில் கணவன் சாதிச் சான்றிதழ், மனைவி சாதிச் சான்றிதழ், திருமணப் பதிவுச் சான்றிதழ் எல்லாம் கேட்கிறார்கள். அதற்கெல்லாம் முன்னால் வீட்டைவிட்டு வந்த முதல் சில வாரங்களை அவர்கள் தாண்டியாக வேண்டும். சாதி ஆணவக் கொலைகளுக்கென்று தனிச் சட்டம் வேண்டும் என்று ஆண்டுக்கணக்காகக் கேட்டுவருகிறார்கள். அரசு அதை இனியும் தள்ளிப்போடக் கூடாது.